குளத்தடியில் விட்டுவந்த மான்

நம்பாதவர்கள் நம்பாமல் இருக்கலாம். சசிகரனே முதலில் நம்பவில்லை. குளிரில் காது அடைத்தது, பசியில் மூளை விளையாடியது என்று தனக்குத் தானே காரணம் சொல்லிப் பார்த்தான். ஒன்றும் பொருந்தவில்லை. நடந்தது நடந்ததுதான். அந்தக் குளம் இன்றும் இருக்கிறது. சம்பந்தப்பட்டவர்களும் இருக்கிறார்கள்.

2009 கார்த்திகை மாதம். வன்னியில் சண்டை முடிந்து ஆறு மாதமாகியிருந்தது. ரொறன்ரோவில் தமிழர் வீடுகளில் தொலைபேசி அடித்தால், எடுக்கிறவரின் முகத்தை மற்ற எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்த காலம்.

சசிகரனுக்கு இருபத்துநாலு வயது. மல்வேர்னில் ஒரு அறை, பிறம்ரனில் ஒரு களஞ்சியத்தில் பெட்டி ஏற்றும் வேலை. எதையும் ஒழுங்காகச் செய்கிறவன். செய்துவிட்டு, சரியாகத்தான் செய்தோமா என்று மூன்று தரம் யோசிக்கிறவன். அவனை வேட்டைக்கு இழுத்தவர் அதே களஞ்சியத்தில் லொறி ஓட்டிய கந்தப்போடி. மட்டக்களப்புப் பக்கத்து ஆள்; மகனே என்பதை 'மனே' என்றுதான் சொல்வார். வாய் நிறையப் பகிடி. ஆனால் தன் வீட்டைப் பற்றி மட்டும் வாயே திறக்கமாட்டார். லீவு நாளில் வீட்டில் இருக்கவும் மாட்டார்.

அவர் சொன்னதைக் கேட்டுத்தான் சசிகரன் வேலை முடிந்த பின்னேரங்களில் வேட்டை வகுப்புக்குப் போனான். சோதனையிலும் பாஸ் பண்ணினான்.

களஞ்சியத்தில் சீமோன் என்றொருவர் இருந்தார். முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார்: "சனம் அங்க செத்துக் கிடக்குது. உங்களுக்கு மான் இறைச்சி கேக்குதோ?"

கந்தப்போடி சிரித்தார். "உனக்கும் ஒரு தொடை கொண்டு வாறன் சீமோன்."

சசிகரனுக்குச் சிரிப்பு வரவில்லை. சீமோன் கேட்டது சரிதானோ என்று அன்றிரவு மூன்று தரம் யோசித்தான்.

வேட்டைக்கு முதலில் காணி வேண்டும். கந்தப்போடி இரண்டு வருடமாக வடக்கே பண்ணை பண்ணையாக ஏறி இறங்கினார். நிறத்தைப் பார்த்ததும் சிலர் கதவே திறக்கவில்லை. கடைசியில் நகரத்திலிருந்து இரண்டு மணித்தியால ஓட்டத்தில் கிளடிஸ் என்ற வயதான விதவை, வேட்டைக் காலத்துக்கு மட்டும் காட்டைக் குத்தகைக்குத் தரச் சம்மதித்தார். ஒரே ஒரு நிபந்தனைதான். சுட்டால் தேட வேண்டும். காயப்பட்ட மிருகத்தைத் தன் காணியில் சாக விட்டுவிட்டுப் போனால், அத்தோடு குத்தகை முடிந்தது.

"மனே, இந்தக் கிழவியும் துரத்தினா எனக்கு வேற போக்கிடம் இல்ல," என்றார் கந்தப்போடி. பகிடி மாதிரித்தான் சொன்னார். கண் சிரிக்கவில்லை.

காணியின் நடுவே ஒரு குளம். அந்த வெள்ளிக்கிழமை அதற்கு இந்தப் பக்கம் மரத்தில் கட்டிய பரணில் சசிகரன். அந்தப் பக்கத்துப் பரணில் கந்தப்போடி. இருவரைத் தவிர அந்தக் காட்டில் ஆள் இல்லை.

"ஏறினா இறங்காத. இருமாத. போனை நிப்பாட்டு," என்றார் பிரியும்போது.

"ஒண்டுக்கு வந்தா அண்ணை?"

"போத்தில் என்னத்துக்குத் தந்தனான்? குடிக்கவா?"

அன்று அவர் சொன்ன கடைசிப் பகிடி அது.

பின்னேரம் 4.52க்கு மான் வந்தது. பெண் மான். குளத்துக்கு மேலே நின்று காதை ஆட்டியது. வகுப்பில் படித்தபடி மூச்சைப் பாதி விட்டு, நிறுத்தி, விசையை அழுத்தினான். கடைசிக் கணத்தில் கை ஆடியது.

குண்டு பின்னங்காலில் பட்டது. மான் விழுந்தது. எழுந்தது. மூன்று காலில் இழுத்து இழுத்துக் குளத்தடிப் புதருக்குள் போய் மறைந்தது.

உடனே துரத்தக் கூடாது. துரத்தினால் காயப்பட்ட மிருகம் இன்னும் ஓடும். அரை மணித்தியாலம் பொறுக்க வேண்டும். பொறுத்தான். கீழே இறங்கும்போது இருட்டிவிட்டது.

டோர்ச் வெளிச்சத்தில் மெல்லிய பனியின் மேல் இரத்தம் நன்றாகவே தெரிந்தது. துளி... துளி... பிறகு கோடு. அதன் வழியே நடந்தான். புதர் வரைக்கும் எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

அங்கேதான் முதல் பிசகு. மணம். காட்டில் மண் மணக்கும், இலை மணக்கும். இது ஆஸ்பத்திரி மணம். காயம் கழுவுகிற மருந்தின் மணம்.

நின்றான். மூக்கைத் துடைத்தான். மணம் போகவில்லை.

மானின் மூச்சு கேட்டது. கர்ர்... கர்ர்... மிகக் கிட்டத்தில்.

பிறகு இன்னொரு மூச்சு.

ஓடி வந்து களைத்த ஆளின் மூச்சு.

"ஒண்டுமில்ல... ஒண்டுமில்ல... அழாத..."

பெண் குரல். தமிழ்.

டோர்ச்சைக் குரல் வந்த பக்கம் திருப்பினான். வெளிச்சம் புதரில் பட்டு நின்றது. அதற்கு அங்கால் ஒன்றும் தெரியவில்லை.

குரல் நின்றது. அவனைக் கண்டுவிட்டது போல.

"தம்பி... வந்து ஒரு கை பிடிங்க."

அவன் ஓரடி பின்னுக்கு வைத்தான்.

"பிடிங்க தம்பி... என்னால தனிய ஏலாது..."

டோர்ச்சை அணைத்தான்.

திரும்பினான்.

ஓடினான்.

இதில் சசிகரன் யாருக்கும் சொல்லாத ஒன்று இருக்கிறது. பேய் என்று பயந்து ஓடியிருந்தால் அவனுக்கு இவ்வளவு வெட்கம் இருந்திருக்காது. அந்த நேரத்தில் பேய் என்ற நினைப்பே அவனுக்கு வரவில்லை. ஆள் என்றுதான் நினைத்தான். வழி தவறிய எங்கள் பெண் யாரோ, தன் குண்டு அவளுக்கும் பட்டுவிட்டதோ என்றுதான் நினைத்தான். நினைத்துக்கொண்டேதான் ஓடினான். ஒரு கை பிடிக்கச் சொல்லி ஒரு மனுசி கூப்பிட, வெளிச்சத்தை அணைத்துவிட்டு வந்தவன் அவன்.

கந்தப்போடி அவனுக்கு முன்பே காருக்குள் இருந்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது.

"வெடிச் சத்தம் கேட்டது," என்றார். "பட்டுதோ?"

"தவறிட்டுது அண்ணை."

"சரி. ஏறு."

அவ்வளவுதான். குறி தவறியவனை வேறு நாளென்றால் ஒரு மாதத்துக்குக் கிழித்திருப்பார். அன்று நகரத்து வெளிச்சம் தெரியும் வரை நேரே பார்த்து ஓட்டிக்கொண்டே இருந்தார். ரேடியோவும் போடவில்லை.

இரண்டு இரவு சசிகரன் தூங்கவில்லை. மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மூன்று பஸ் மாறி கந்தப்போடியின் வீட்டுக்குப் போனான். உண்மையைச் சொல்லிவிடுவது, குத்தகை போனாலும் போகட்டும், திரும்பப் போய்த் தேடுவது என்று முடிவு. கராஜில் அவர் சப்பாத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். உள்ளே சமையலறையில் அவருடைய மனைவி புஸ்பராணி பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. சசிகரன் வாயைத் திறந்தான். "அண்ணை, அண்டைக்கு..."

தொலைபேசி அடித்தது. கிளடிஸ்.

கந்தப்போடிக்கு அந்த அம்மாவின் ஆங்கிலம் சரியாகப் பிடிபடாது. ஸ்பீக்கரில் போட்டார்.

குளத்தடியில் காயப்பட்டுச் செத்த மான் ஒன்று கிடக்கிறது என்றார் கிளடிஸ்.

 போச்சு, குத்தகை போச்சு என்று நினைத்தான் சசிகரன்.

ஆனால் கிளடிஸ் ஏசவில்லை. அழுதுகொண்டு பேசினார். காலையில் கண்டபோது மானின் உடம்பில் இன்னும் சூடு இருந்ததாம். ஞாயிறு விடியும்வரை அது உயிரோடு இருந்திருக்க வேண்டும். பின்னங்காலில், காயத்துக்கு மேலே இரத்தம் நிற்கத் துணியால் இறுக்கிக் கட்டி, ஒரு குச்சியைச் செருகி முறுக்கியிருந்ததாம். பக்கத்தில் இரத்தம் ஊறிய துணிகள். மாற்றி மாற்றிக் கட்டியவை. ஒவ்வொன்றும் மடித்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்திருந்ததாம். உங்கள் பெண்கள் கட்டுகிற சேலைத் துணி போல இருக்கிறது என்றார்.

"வெள்ளிக்கிழமை வெடி கேட்டது. இந்தக் குளிரில் இரண்டு இரவு ஒரு மிருகத்தோடு யார் இருப்பார்கள்?" என்றார். "அந்தப் பெண்ணை வீட்டுக்குள் வந்து குளிர்காயச் சொல்லியிருக்கக் கூடாதா? அடுத்த வருடமும் நீங்களே வாருங்கள். வேறு யாருக்கும் காணியைக் கொடுக்கமாட்டேன்."

"தாங்க் யூ," என்றார் கந்தப்போடி. குரல் அவருடையதாக இல்லை.

வைத்தார்.



"பட்டது அண்ணை," என்றான் சசிகரன். "நான்தான் பொய் சொன்னனான். தேடிப் போனனான். அங்க ஒரு பொம்பிள... கை பிடிக்கச் சொல்லிக் கூப்பிட்டா. நான் ஓடி வந்திட்டன்."

கந்தப்போடி சப்பாத்தைக் கீழே வைத்தார்.

"எனக்கும் கேட்டது மனே."

"என்ன?"

"நான் இருந்த பக்கமும் வந்து கூப்பிட்டது. பரணுக்குக் கீழ நிண்டு கூப்பிட்டது. நான் இறங்கயில்ல. பிறகு குதிச்சு, காருக்கு ஓடினன்."

"தம்பி எண்டோ கூப்பிட்டது?"

அவர் தலையை ஆட்டினார். இல்லை.

"அத்தான் எண்டு."

சசிகரனுக்கு அப்போதுதான் தெரிய வந்தது. புஸ்பராணிக்கு ஒரேயொரு தங்கச்சி. தனுசியா. வன்னியில் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவள். சித்திரைக்குப் பிறகு அவளைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. கந்தப்போடியை உலகத்தில் அத்தான் என்று கூப்பிட அவளைத் தவிர வேறு ஆள் இல்லை.

உள்ளே தண்ணீர் நின்றது.

"ஆரப்பா போன்ல?" புஸ்பராணியின் குரல். ஈரக்கையோடு ஓடி வருகிற காலடி.

கதவு திறக்குமுன் கந்தப்போடி சொன்னார்:

"ஆருமில்ல."