திருந்திட்டேன், மிஸ்

டொரத்தியோடு வேலை பார்ப்பதற்குத் தனிப் பொறுமை வேண்டும். எனக்கு அது கிடையாது. ஆனாலும் வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். பிரிக்பீல்ட்ஸ் பக்கத்தில் ஒரு தனியார் பல்கலைக்கழகம். அங்கே மாணவர்களுக்கு மனநல ஆலோசகர் அவள். கவுண்டரில் உட்கார்ந்து, அவளைப் பார்க்க வரும் பிள்ளைகளுக்கு நாள் குறித்துக் கொடுப்பவள் புனிதா, அதாவது நான்.

கிள்ளானிலிருந்து கொமுட்டரில் வருவாள். ரயில் தாமதம் என்று திட்டிக்கொண்டே உள்ளே நுழைவாள். ரயில் நேரத்துக்கு வந்துவிட்டால் கூட்டத்தைத் திட்டுவாள். கைப்பையை என் மேசைமேல் கவிழ்த்து அறைச் சாவியைத் தேடுவாள். சாவி நேற்றிலிருந்து கதவிலேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அவள் தமிழைத்தான் பொறுக்க முடியாது. பள்ளிக்கூடத்தில் மலாய், வீட்டில் ஆங்கிலம். தமிழ் முழுக்க மெதடிஸ்ட் கோயிலில் ஞாயிற்றுக்கிழமை கற்றுக்கொண்டது. அழுதுகொண்டு வரும் பிள்ளையிடம், "உனக்குச் சமாதானம் இருக்காம்மா?" என்பாள். ஒருமுறை செலாயாங்கிலிருந்து வந்த பையன் ஒருவன் அறையிலிருந்து வெளியே வந்து, "அக்கா, நான் யார்கூடயும் சண்டையே போடலையே, எதுக்குச் சமாதானம்?" என்று என்னிடம் கேட்டான். நான் எங்கே போய் முட்டிக்கொள்ள?

இதில் நிர்வாகம் வேறு. ஒரு பிள்ளைக்கு ஆறு முறைதான் ஆலோசனை, அதற்குமேல் கோப்பை மூடிவிட வேண்டும். எங்கள் பிரிவுத் தலைவர் கமலநாதன் வைத்த சட்டம். "வரிசையில எத்தனை பேரு நிக்கிறாங்க, ஆறு போதும் லா," என்பார். டொரத்தி அவர் முகத்துக்கு நேராகவே கேட்டாள்: "மனசு என்ன பாக்கெட் மீயா சார், சுடுதண்ணி ஊத்துனதும் வெந்துபோறதுக்கு?" அவர் சிரித்தார். சட்டம் அப்படியே இருந்தது.

இப்படிப்பட்ட இடத்துக்குத்தான் தாமரை வந்து சேர்ந்தாள். கிள்ளான் பக்கம் மேரு என்ற ஊரைச் சேர்ந்தவள், கணக்கியல் இரண்டாம் ஆண்டு. வகுப்புக்குப் போகாமல், குளிக்காமல், விடுதிக் கட்டிலே கதியென்று கிடக்கிறாள் என்று விரிவுரையாளர் அனுப்பிவைத்தார். இங்கே வரும்போது மட்டும் தலை வாரி, சட்டையை இஸ்திரி போட்டு வருவாள். நாற்காலியின் நுனியில் உட்காருவாள். ஒவ்வொரு முறையும் என்னிடம், "இன்னும் எத்தனை வாட்டி இருக்கு அக்கா?" என்று கேட்பாள். "பாத்தியா, எவ்வளவு ஆர்வம்!" என்று டொரத்தி பூரித்துப்போவாள்.

ஆறாவது முறை முடிந்து வெளியே வந்தபோது, அந்தப் பெண் கைகளைக் கட்டிக்கொண்டு, "நான் திருந்திட்டேன், மிஸ்," என்றாள். டொரத்தியின் கண் கலங்கிவிட்டது. அவள் கோயிலில் ஆட்கள் எழுந்து நின்று சாட்சி சொல்வார்கள், நான் குடிச்சேன், நான் திருந்திட்டேன் என்று. கேட்டவர்கள் எல்லாரும் அல்லேலூயா போடுவார்கள். அவள் காதுக்கு அதைவிட நல்ல சேதி உண்டா? "தேறிட்டா புனிதா, கோப்பை மூடிடு," என்றாள். எனக்கும் ஒன்றும் உறைக்கவில்லை. மூடிவிட்டேன்.

சரியாக அந்த நேரம் பார்த்து தாமரையின் அப்பா வேலாயுதம் வந்து நின்றார். லோரி ஓட்டுகிறவர். பருவ விடுமுறைக்கு மகளை வீட்டுக்குக் கூட்டிப்போக வந்திருந்தார். கையில் ஒரு பை ரம்புத்தான் பழம். அதை டொரத்தியிடம் நீட்டினார்.

"ரொம்ப நன்றி டீச்சர். பிள்ளையத் திருத்திக் குடுத்துட்டீங்க. இனிமே ஒரு தப்பும் பண்ண மாட்டா."

டொரத்தி பையை வாங்கவில்லை. "என்ன தப்புண்ணே?"

"அதத்தான் நானும் கேக்குறேன், வாயே தொறக்க மாட்டேங்குறா. தப்பு பண்ணாமயா கவுன்சிலிங்குக்குக் கூப்பிடுவாங்க? ஸ்கூல்ல நான் சிகரெட் பிடிச்சு மாட்டுனப்ப, ரோத்தான் பிரம்புல ரெண்டு போட்டுட்டு கவுன்சிலிங் ரூமுக்குத்தான் அனுப்புனாங்க. யாராச்சும் பையனானு கேட்டேன். ஒரே அழுகை."

டொரத்தி தாமரையைப் பார்த்தாள். "அப்போ இந்த ஆறு வாட்டியும்?"

"தண்டனைன்னு நெனச்சேன், மிஸ். நல்லா இருக்கேன்னு சொன்னா விட்ருவீங்கன்னு..."

"ஐயோ கர்த்தாவே!" என்று டொரத்தி போட்ட சத்தத்தில் எதிர் அறைக் கதவு திறந்தது. காத்திருப்போர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். யார்மேல் கோபம் என்று அவளுக்கே தெரியவில்லை. அந்த அப்பாமேலா, பள்ளிக்கூடங்கள்மேலா, தன் காதுமேலா? எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. படிக்கிற பிள்ளையை மிரட்டுவதற்கென்றே ஒரு அறையைக் கட்டி, அதற்கு ஆலோசனை என்று பெயரும் வைத்துவிட்டார்களே, பாவிகள்!

"அண்ணே, இவ ஒரு தப்பும் பண்ணல. இது ஒடம்புக்கு முடியாம போற மாதிரி. மனசுக்கு முடியல," என்றாள் டொரத்தி.

"தப்பு பண்ணலன்னா ஏன் அழுவுறா?"

"என்னைக் கேக்காதீங்க. அவளைக் கேளுங்க."

அவர் மகள் பக்கம் திரும்பினார். இதுவரை மிரட்டித்தான் கேட்டிருப்பார் போலிருக்கிறது. சாதாரணமாக எப்படிக் கேட்பது என்று தடுமாறினார். "ஏம்மா?" என்றார்.

"சாப்பிட்டியான்னு தினமும் போன்ல கேப்பீங்கல்ல, சாப்பிட்டேன்னு சொல்வேன். சாப்பிடலப்பா. கட்டிலை விட்டு எந்திரிக்கவே முடியல. செத்துப் போயிட்டா தேவலன்னு இருக்கு."

"ஏன்டி பொய்..." என்று ஆரம்பித்தவர் ரம்புத்தான் பையை என் கவுண்டரில் வைத்துவிட்டு அதன் விளிம்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

தாமரை டொரத்தியிடம் கேட்டாள், "இதச் சொன்னதுக்கு இன்னும் எத்தனை வாட்டி வரணும், மிஸ்?"



"வந்தே ஆகணும்னு இல்லம்மா. வரணும்னு ஒனக்குத் தோணுதா?"

அவள் அப்பாவைப் பார்த்தாள். "என்னைய ஏம்மா பாக்குற? ஒனக்கு என்ன வேணுமோ அதச் சொல்லு," என்றார் அவர்.

"வரணும், மிஸ்."

டொரத்தி எழுந்தாள். "இன்னைக்கே டாக்டரப் பாக்கப் போறோம், நானும் கூட வரேன். அண்ணே, இன்னைக்கு இவளைத் தனியா விடாதீங்க. புனிதா, நாளைக்குக் காலையில இவளுக்கு ஒரு நேரம் போடு."

போட்டுப் பார்த்தேன். கணினி மறுத்தது. "ஆறு முடிஞ்சிருச்சு டொரத்தி. மூடச் சொன்னதே நீதானே? ஏத்துக்க மாட்டேங்குது."

"எது ஆறு? சைபர்! இன்னும் ஒண்ணுகூட ஆரம்பிக்கல லா!"

ஒரு பிள்ளைக்கு இரண்டு கோப்பு இருக்கக்கூடாது. கமலநாதன் நாளைக்குக் குதிப்பார். குதிக்கட்டும். அவள் பெயரைப் புதிதாகத் தட்டி, பக்கத்தில் 'முதல் முறை' என்று போட்டேன்.