ஒளித்துகளும் என் கடிகாரமும்

காலை 8.40. ஈப்போவிலிருந்து பஸ்ஸில் வந்த இடுப்பு வலி, பட்டர்வொர்த்தில் இரண்டு வெள்ளி கட்டணம் கொடுத்துத் தீவுக்குப் போகும் ஃபெரி ஏறியதும் பறந்துவிட்டது. புதுக் கடிகாரத்தை நாலு பேர் பார்க்கட்டுமே என்று சட்டைக் கையை மடித்துவிட்டு வெயிலில் நின்றேன். பெருமைக்கு மாவிடிப்பதில் நான் பெயர் எடுத்தவன்.

9.30. சூலியா தெருவில் ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு, பத்தொன்பது வெள்ளிக்கு ஒரு காரைப் பிடித்துப் பாயான் லெப்பாஸ் கிளம்பினேன். பதினாறு கிலோமீட்டர்.

"எங்க அண்ணே, ஃபேக்டரிக்கா?" என்றார் டிரைவர்.

"லேப்புக்குத் தம்பி. என் தங்கச்சி வெளிச்சத்த வச்சு கம்ப்யூட்டர் செய்யுறா."

"அப்ப கரண்ட் பில் கம்மி லா!"

10.50. வாசலிலேயே கவிதா நின்றாள், முகத்தில் சிரிப்பே இல்லை. ஒளியை ஒவ்வொரு துகளாக அனுப்பும் கணினிச் சில்லு அவளுடையது. பன்னிரண்டு மணிக்கு மதிப்பீட்டுக் குழு வந்து பார்க்கிறது.

"இருட்டுல சென்சார் எண்ணுற வேண்டாத வெளிச்சத் துகள் நம்பர் கீழ இருந்தாத்தான் அடுத்த கட்டம், அண்ணே. இல்லன்னா ப்ராஜெக்ட மூடிருவாங்க. அஞ்சு நிமிஷம் பாத்துட்டு வெளிய போயிருங்க."

உள்ளே ஏர்கான், கணினி என்று மினுங்கும் எல்லா விளக்கின் மேலும் கறுப்பு டேப். ஓரத்தில் இருந்த தண்ணீர் கெட்டிலையும் விடவில்லை! விளக்கை அணைத்துவிட்டு, மறைப்புக்கு அப்பால் இருந்த கணினித் திரையை எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ! காலைல நூத்தம்பதுதான் இருந்துச்சு. இப்ப நாலாயிரம்!"

இருட்டில் ஒவ்வொரு டேப்பாகத் தடவிப் பார்த்தாள். குரல் உடைந்தது. ஆறுதலாக எதையாவது சொல்ல வேண்டுமே.

"பயப்படாத, மணி பதினொன்னு அஞ்சுதான் ஆகுது."

டேப்பைத் தடவும் சத்தம் நின்றது.

"அண்ணே, இருட்டுல மணி எப்படித் தெரிஞ்சுது?"

வெயிலில் குடித்த வெளிச்சத்தை என் கடிகார முட்கள் பச்சையாகக் கக்கிக்கொண்டிருந்தன. முதுகில் ஓர் அடி விழுந்தது. கடிகாரத்தோடு வெளியே துரத்தப்பட்டேன். கதவு மூடியதும் உள்ளிருந்து கத்தினாள்: "நூத்தி நாப்பத்தெட்டு!"

12.50. கேன்டீனில் தே தாரிக் டீ ஆறிக்கொண்டிருந்தபோது ஓடி வந்தாள். "ஒத்துக்கிட்டாங்க, அண்ணே!" அவள் சிரித்தாள், நான்தான் அழுதேன். பிறகு என் கையைப் பிடித்துக் கடிகாரத்தின் மேல் கறுப்பு டேப்பை ஒட்டினாள்.

மாலை 5.30. திரும்பும் ஃபெரி. சின்ன வயதில் ஈப்போ வீட்டில் அறைக்கு அறை விளக்கைப் போட்டுவிட்டுப் போவேன். கவிதா பின்னாலேயே வந்து அணைப்பாள், நான் திட்டுவேன். பக்கத்திலிருந்த பெரியவர் மணி கேட்டார். கையை நீட்டினேன்.

"என்ன தம்பி, ரிப்பேரா?"

"இல்ல அண்ணே. தங்கச்சி குடுத்த மெடல்."