சுந்தரி சுமந்த தண்ணீர்

வேதாரண்யம் கடற்கரையில் மீன் விற்றுப் பிழைத்த சுந்தரிக்குத் தளம் போட்ட வீடுதான் வாழ்நாள் ஆசை. புயல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போனபின் அது கைகூடியது. தளம் போட்ட அன்று கலவை கெட்டியாக இருந்தது. ஆட்களோடு சேர்ந்து கணவர் பஞ்சநாதனும் சட்டி தூக்கினார். அவர் படும் பாடு பொறுக்காமல் சுந்தரி குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றிக் கலவையை இளக்கினாள். கொத்தனார் தடுப்பாரா என்ன? வேலை சுளுவாக முடிந்தால் அவருக்குப் போதும். "நான் தண்ணி சுமந்து கட்டுன வீடு" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வாள்.

வருஷங்கள் கழித்து, போன மாசம் ஒரு மத்தியானம், தூங்கிக்கொண்டிருந்த பஞ்சநாதன் மேல் அந்தத் தளம் பெயர்ந்து விழுந்தது. அவர் எழுந்திருக்கவே இல்லை.

கட்டடப் பொறியியல் படிக்கும் மகள் ஆர்த்தி, உடைந்த துண்டு ஒன்றைக் கல்லூரி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தாள். சிமெண்ட் இறுகியது போக மிஞ்சிய தண்ணீர், உலர்ந்த இடமெல்லாம் பொடிப்பொடி ஓட்டைகளை விட்டுப் போயிருந்தது. அவற்றின் வழியே கடற்காற்றின் உப்பு உள்ளே இறங்கிக் கம்பி துருப்பிடித்திருந்தது. துரு வீங்கித் தளத்தைப் பிளந்திருந்தது.

வீட்டுக்கு வந்தவளிடம் சுந்தரி கேட்டாள்: "சிமெண்டு தண்ணி குடிச்சாத்தானே பலம்? தளம் போட்டப்புறம் பாத்தி கட்டித் தண்ணி நிறுத்துறோமே. அன்னைக்கு இடுப்பு வலின்னு நடுவுல உக்காந்துட்டேன். இன்னும் ரெண்டு குடம் ஊத்தியிருந்தா உங்கப்பா இருந்திருப்பாரோ?"

ஆர்த்தி தாயின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ குறைச்சு ஊத்தலம்மா."

அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.