நான் வைத்த மல்லிகை மொட்டு

மயிலாப்பூரில் குளத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு தெருமுனையைச் சீரமைக்கும் வேலை எங்கள் சின்ன அலுவலகத்துக்குக் கிடைத்தது. நடைபாதையை அகலமாக்க வேண்டும், உட்கார நாலு பெஞ்சு போட வேண்டும், போகிறவர்கள் நின்று பார்க்கிற மாதிரி ஒரு சிலை வைக்க வேண்டும். பாதையையும் பெஞ்சையும் என் முதலாளி எடுத்துக்கொண்டார். சிலை என் பொறுப்பு. அதுவரை நான் தனியாக வடிவமைத்தது அடையாறில் ஒரு பூங்காவுக்கான குப்பைத்தொட்டி மட்டும்தான். அதனால் இந்தமுறை ஆளுயரத்துக்கு மேல் எதையாவது நிறுத்திவிட வேண்டும் என்று வெறியே இருந்தது.

அந்த முனையில் பூக்கடைகள் வரிசையாக இருக்கும். சரி, மல்லிகை என்று முடிவு செய்தேன். ஒரே காம்பில் நெருக்கமாக ஐந்து மொட்டு, எட்டடி உயரம், பால் வெள்ளை. வரைந்து முடித்ததும் எனக்கே கண் கலங்கியது.

வடபழனியில் சினிமா செட்டுக்கு ஃபைபர் யானை, கோயில் தூண் எல்லாம் செய்து தரும் ஒரு மேஸ்திரியிடம் படத்தைக் கொண்டுபோனேன். அவர் நேராகப் பார்த்தார். தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார்.

“ஒரு மாதிரி கீதே, மேடம்.”

“எந்த மாதிரி?”

“வாணாம் மேடம். நீங்க படிச்சவங்க.”

நான் அதற்குமேல் கேட்கவில்லை. கேட்டுத் தொலைத்திருக்கலாம்.

சிலையை லாரியில் கொண்டுவந்து இறக்கிய அன்று, முனையில் முதல் கடை போட்டிருக்கும் பூக்கார அக்கா எழுந்து வந்து இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

“இன்னாம்மா இது, இம்மாம் பெரிய பூண்டு?”

“பூண்டு இல்லக்கா. மல்லி மொட்டு.”

அவர் கூடையிலிருந்து ஒரு மொட்டை எடுத்துச் சிலைக்குப் பக்கத்தில் நீட்டிப் பிடித்தார். என்னைப் பார்த்தார். “பொறந்ததுலேர்ந்து மல்லி கட்டிக்கினு கீறேன். என்னாண்டயே சொல்றியா?”

நான் சாலைக்கு அந்தப் பக்கம் ஓடிப்போய் நின்று பார்த்தேன். பூண்டுதான். உரித்தால் பல் பல்லாக வரும்போல இருந்தது.

மேஸ்திரிக்குப் போன் செய்தேன். “அப்பவே சொல்லலாம்ல?” என்றால், “கலைனு நெனைச்சேன் மேடம்” என்கிறார். திறப்புவிழாவுக்கு நான்கு நாள்தான் இருந்தது. மொட்டின் அடியில் லேசாக இளஞ்சிவப்பு ஓட்டினால் ஜாதிமல்லி ஆகிவிடும் என்று எனக்குத் தோன்றியது. மேஸ்திரி வந்து ஒரு பகல் முழுக்க ஏணியில் நின்று அழகாக வண்ணம் அடித்துவிட்டுப் போனார்.

அக்கா வந்து பார்த்தார். “இப்போ மலைப்பூண்டு ஆயிட்ச்சி.”

அதற்குள் விஷயம் தெருவெல்லாம் பரவிவிட்டது. தினமும் காலையில் நடக்க வரும் ஒரு மாமி என்னை வழிமறித்தார். “எங்காத்துல பூண்டே சேர்க்கறதில்லை. இப்போ என்னடான்னா தினம் கார்த்தால பூண்டைச் சுத்திண்டு போக வேண்டியிருக்கு!”

“அது மொட்டு மாமி.”

“நீ குழந்தை, உனக்கென்ன தெரியும்” என்றார். எனக்கு வயது முப்பத்தைந்து.

திறப்புவிழாவுக்கு ஒரு பெரிய அதிகாரி வந்தார். திரையை இழுத்தார். ரொம்ப நேரம் அண்ணாந்து பார்த்தார். அவர் மைக்கைப் பிடித்தார்.

“நடந்தால் இதயத்துக்கு நல்லது. பூண்டு சாப்பிட்டாலும் இதயத்துக்கு நல்லது. நடைபாதையில் பூண்டை வைக்கத் தோன்றிய அந்த மூளையை நான் பாராட்டுகிறேன்!”

கைதட்டல் அடங்கவே இல்லை. என் முதலாளி மேடையில் எழுந்து நின்று, “ஆமாம் சார், அதுதான் எங்க கான்செப்ட்” என்றார். ‘மொட்டு’ என்று எழுதி நான் ஆசையாகச் செய்துவைத்திருந்த பித்தளைப் பலகையின் முன்னால் போய் நின்று, முந்தானையால் அதை மறைத்துக்கொண்டேன். மறைத்தபடியே நானும் கைதட்டினேன்.

இரண்டு நாள் வீட்டைவிட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் மாலை போய்ப் பார்த்தால் பெஞ்சில் உட்கார இடமில்லை. தி.நகரில் துணி எடுத்துவிட்டு வந்த ஒரு குடும்பம் பைகளைக் கீழே பரப்பிவிட்டுச் சிலையோடு படம் எடுத்துக்கொண்டிருந்தது. ஆட்டோக்காரர் ஒருவர் “பூண்டு ஸ்டாப்பிங் வந்துட்ச்சி, எறங்குங்க” என்று யாரையோ இறக்கிவிட்டார். ஒருத்தர் சிலைக்குக் கீழேயே நிஜப் பூண்டைக் கூறு கட்டி விற்றுக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. அழுகையும் கொஞ்சம் வந்தது.

பூக்கார அக்கா என்னைக் கூப்பிட்டு ஒரு முழம் மல்லி கொடுத்தார். “வெச்சுக்க. வர்ற கூட்டத்துல சாயங்காலமே கூடை காலியாயிடுது. இன்னாத்தை வெச்சா இன்னா?”

பாலவாக்கத்திலிருந்து அடுத்த வேலை வந்தபோது, கடற்கரைக்குப் போகும் தெருவில் வைக்க ஒரு மீன் வரைந்தேன். முதலாளியிடம் காட்டவில்லை. நேராக அக்காவிடம் கொண்டுபோய் நீட்டினேன். அவர் பூ கட்டும் நாரை வாயில் கடித்துக்கொண்டு நிதானமாகப் பார்த்தார்.

“மீனு.”

“நிஜமாவா அக்கா?”

“மீனுதாம்மா. ஆனா வறுத்த மீனு.”