முயலுக்கு ஊற்றிய அளத்துத் தண்ணீர்

உப்பளத்தில் வேலை செய்கிறவன் காலில் அடிபட்டால் மருந்து தேடிப் போவதில்லை. வெட்டுப்பட்ட காலோடு பாத்தித் தண்ணீரில் இறங்கி நிற்பான். உயிர் போகிற மாதிரி எரியும். பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான். மரக்காணத்தில் இருபது வருடமாக எனக்குத் தெரிந்த முதலுதவி இது ஒன்றுதான். அதில் கொஞ்சம் திமிரும் இருந்தது. வீட்டிலேயே ஒரு கேனில் அளத்துத் தண்ணீர் வைத்திருப்பேன்.

ஆறாவது படிக்கும் என் மகள் ஒரு வெள்ளை முயல் வளர்த்தாள். ஒரு சனிக்கிழமை காலையில் அது கூண்டுக் கம்பியில் முன்னங்காலைக் கிழித்துக்கொண்டது. கிழிசல் சுண்டுவிரல் நகம் அளவுதான். அவள் அதை மடியில் வைத்து, பள்ளிக்கூடக் கைக்குட்டையால் காயத்தை அழுத்திப் பிடித்திருந்தாள்.

"மாட்டாஸ்பத்திரிக்குப் போலாம்ப்பா."

"இத்துனூண்டு காயத்துக்கு ஆஸ்பத்திரியா? குடு இங்க."

கைக்குட்டையைப் பிடுங்கி எறிந்தேன். முயலைத் தரையோடு அமுக்கிக்கொண்டு கேனைச் சாய்த்தேன்.

"எரியும்ப்பா, வேணாம்ப்பா!"

"எரிஞ்சாத்தான் ஆறும்."

முயல் கத்தும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். ஒரே ஒரு முறை கத்திவிட்டு, பின்னங்கால்கள் இரண்டையும் உதறியது. நான் விடுவேனா? இன்னும் இறுக்கினேன். மறுபடி உதைத்தது, பிறகு அசையவில்லை. "பாத்தியா, அடங்கிடுச்சு" என்றேன். அந்த வாயில் இப்போதும் அறைந்துகொள்ளத் தோன்றுகிறது. கையை எடுத்ததும் முயல் முன்னங்கால்களால் உடம்பை இழுத்துக்கொண்டு அவளிடம் போனது. பின்னங்கால்கள் தரையில் தேய்ந்துகொண்டே போயின.

மாட்டாஸ்பத்திரியில் டாக்டரம்மா அதன் முதுகைத் தடவிப் பார்த்தார்.

"யாரு புடிச்சது?"

"நான்தாங்க."

"முயலுக்கு எலும்பு லேசு, கால்ல பலம் ஜாஸ்தி. அமுக்கிப் புடிச்சா அது உதைக்கிற உதையில முதுகெலும்பே ஒடிஞ்சிடும். சுத்தமான துணியால கொஞ்ச நேரம் அழுத்திப் புடிச்சிருந்தா ரத்தம் தானா நின்னிருக்கும். அப்படியே அட்டைப்பெட்டில வச்சு எடுத்தாந்திருக்கலாமே."

மகள் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் கைக்குட்டையைப் பிடுங்கும்வரை அவள் செய்துகொண்டிருந்ததும் அதைத்தான்.

மூன்றாம் நாள் முயல் செத்தது. முன்னங்காலில் இருந்த கிழிசல் அதற்குள் ஆற ஆரம்பித்திருந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தில் கேனைத் தூக்கித் தெருவில் வீசினேன். வீசி என்ன பயன்?

அவள் ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. வழக்கம்போலப் பேசினாள், சாப்பிட்டாள், பள்ளிக்கூடம் போனாள்.

போன வாரம் நொண்டி நொண்டி நடந்தாள். என்ன என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்லப்பா."

வற்புறுத்திச் செருப்பைக் கழற்றச் சொன்னேன். குதிகாலில் கண்ணாடி கிழித்து இரண்டு நாள் ஆகியிருக்கிறது. கைக்குட்டையால் இறுக்கிக் கட்டியிருந்தாள். பார்க்கலாம் என்று நான் குனிந்ததும் காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டு சுவரோடு ஒண்டினாள்.

"அம்மா வரட்டும்ப்பா" என்றாள்.