டான்ஸ் செங்கமலத்தின் அண்ணன்

செங்கமலத்துக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. அரியலூர் பஸ் ஸ்டாண்டில் பெட்டியை என்னிடம் ஒப்படைத்துவிட்டு டீக்கடைக்கும் டைம் கீப்பர் அறைக்குமாக நடப்பாள். போய் வந்து, "பஸ் வருமாண்ணே?" என்பாள். வராமல் எங்கே போய்விடும்? உட்காரேன் என்றால் உட்காருவாள். அப்போதும் கால் மட்டும் தரையைத் தட்டிக்கொண்டே இருக்கும். நான் ஆர்மோனியக்காரன், தாளம் தப்பினால் எனக்குக் கோபம் வரும். அவள் தட்டுவது ஒருநாளும் தப்பியதில்லை என்பதால் பேசாமல் விட்டுவிடுவேன்.

என் பெயர் குருநாதன். எழுபதுகளில் பெரம்பலூர், அரியலூர், ஜெயங்கொண்டம் பக்கத்துத் திருவிழா நாடகங்களில் பாதிக்கு நான்தான் வாசித்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை, வேறு ஆளில்லை. எங்களுடையது கம்பெனி நாடகம் இல்லை. ராஜபார்ட் ஓர் ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் வேறு ஊரிலிருந்து வருவாள். ஏஜெண்டு ஆளாளுக்குத் தேதி கொடுத்து வரவழைப்பார். ஒத்திகை கிடையாது. மேடையில் ஏறித்தான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பது. கதை எல்லோருக்கும் தெரியும், பாட்டு எனக்குத் தெரியும், அவ்வளவுதான் ஏற்பாடு.

கதை தொடங்குமுன் பபூனும் டான்ஸும் வர வேண்டும். முதலில் பபூன் வந்து சிரிக்க வைப்பான். பிறகு டான்ஸ்காரி பாடிக்கொண்டே உள்ளே குதிப்பாள். இரண்டு பேரும் முதுகோடு முதுகு மோதிக்கொள்வார்கள். சண்டை வரும், சண்டை காதலாகும், கையைப் பிடித்துக்கொண்டு டூயட் ஆடுவார்கள். சனம் முக்கால்வாசி இதற்குத்தான் வரும். விசில் அடித்தவனே மறுநாள் அவளை வழியில் கண்டால் ஒரு மாதிரியாகப் பேசுவான். அந்தப் பயல்களை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அதற்குச் செங்கமலம் ஒரு வழி வைத்திருந்தாள். கண்ணில் பட்ட ஆம்பிளையை எல்லாம் முந்திக்கொண்டு அண்ணன் ஆக்கிவிடுவாள். கண்டக்டர் அண்ணே, ஏஜெண்டு அண்ணே, விழாக் கமிட்டி அண்ணே. நானும் அண்ணன்தான். அண்ணே என்று கூப்பிட்ட பிறகு ஒருவன் எப்படிப் பல்லை இளிப்பான்?

சொந்தமாகவும் அவளுக்கு ஓர் அண்ணன் இருந்தான். பபூன் கண்ணையன்.

ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக்காட்டை ஒட்டிய ஊர் அவர்களுடையது. தகப்பன் இல்லை, தாய் மருதாயி கூலிக்குக் கொட்டை பொறுக்கியவள். கண்ணையன் சின்ன வயதிலேயே நாடகத்தோடு போய்விட்டான். ஊருக்கு வரும்போது தங்கச்சியைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுவான். அவளுக்கு ஆட்டம் ஒட்டிக்கொண்டது அங்கேதான். பிறகு அவளைச் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்த ஒருவனுக்குக் கட்டிக்கொடுத்தார்கள். அவன் வருஷம் திரும்புவதற்குள் வேறொருத்தியோடு போய்விட்டான். வீட்டில் அடைந்து கிடக்க முடியாமல் செங்கமலம் பெரம்பலூருக்கு பஸ் ஏறி, ஏஜெண்டு முத்துசாமியிடம் போய் நின்றாள். எழுபத்திரண்டு என்று ஞாபகம்.

ஊர் ஊராக டான்ஸ்காரிகளின் கையைப் பிடித்து ஆடுகிறவன் கண்ணையன். தங்கச்சி டான்ஸ்காரி ஆனதும் மானம் போய்விட்டதாகக் குதித்தான். மருதாயி செத்த அன்று, பந்தலில், அவ்வளவு சனத்துக்கும் நடுவில், "எனக்குத் தங்கச்சின்னு எவளும் இல்ல" என்று சொன்னான். பிணத்தின் அருகில் அழுதுகொண்டிருந்தவள் எழுந்து வந்துவிட்டாள். "எல்லார் முன்னாடியும் சொன்னாருண்ணே" என்று என்னிடம் பலமுறை சொல்லியிருக்கிறாள். அதைச் சொல்லும்போது கால் இன்னும் வேகமாகத் தட்டும். எல்லார் முன்னாலும் சொன்னதை எல்லார் முன்னாலும் அவன் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும். அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். ஆனால் அவன் எதிரில் நிற்கவே வழியில்லை. அண்ணனையும் தங்கையையும் எந்த ஏஜெண்டு டூயட்டுக்குப் போடுவான்?

போட்டான் ஒருவன். எழுபத்தொன்பது பங்குனியில், செட்டிகுளத்துக்குப் பக்கத்து ஊரில் நாடகம். டான்ஸுக்குச் சாந்தா என்ற பெண்ணைப் பேசியிருந்தார்கள். அன்று காலை அவளுக்கு அம்மை போட்டுவிட்டது. முத்துசாமி ஊரில் இல்லை. அவர் மச்சான் அமாவாசை என்பவன் தொழிலுக்குப் புதுசு, இவர்கள் உறவு தெரியாமல் கையில் கிடைத்த செங்கமலத்தை பஸ் ஏற்றிவிட்டான். பபூன் யார் என்று அவள் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. ஊரில் இறங்கி, புளியமரத்தில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அதில் சாந்தாவின் படத்துக்கு எதிரில் கண்ணையன் சிரித்துக்கொண்டிருந்தான். அது கடைசி பஸ், வந்த வழியே போய்விட்டது.

மேக்கப் கொட்டகையில் பெண்களுக்குச் சேலைத் தடுப்பு கட்டியிருந்தது. தடுப்புக்கு அந்தப் பக்கம் கண்ணையன் அரிதாரம் பூசிக்கொண்டே, "சாந்தாவுக்குப் பதிலா யாரு?" என்று கேட்டான்.

"யாரோ அரியலூர்ப் புள்ளையாம்" என்றார் ராஜபார்ட் ராசாங்கம். அதற்கு மேல் அவன் விசாரிக்கவில்லை. எங்கள் தொழிலில் விசாரிக்கிற வழக்கமும் இல்லை.

அவன் காதில் விழாமல் நான் தடுப்போரம் போய், "நான் அவன்கிட்டச் சொல்லிடுறேம்மா. டூயட்ட விட்டுட்டு நேரா கதைக்குப் போயிடலாம்" என்றேன்.

சலங்கையைக் கட்டிக்கொண்டு அந்தச் சின்ன இடத்துக்குள்ளேயே அவள் நடந்துகொண்டிருந்தாள். "சொல்லாதீங்கண்ணே."

"பாவம்மா. கூடப் பொறந்தவன் கையப் புடிச்சுக்கிட்டு…"

"தங்கச்சியே இல்லேன்னவருதானே. அப்ப ஆடட்டும்."

"ஆடிட்டான்னா?"

அவள் நடை நின்றது. "ஆடிட்டா, நெசமாவே எனக்கு யாருமில்லேன்னு போயிடறேன்" என்றாள். குரல் உடைந்திருந்தது.

சொல்லாமல் வந்து உட்கார்ந்தேன். என்ன மனுஷன் நான் என்று என்மேலேயே எரிச்சலாக இருந்தது.

கண்ணையன் ஏறினான். ரேஷன் கடை, மாமியார், மண்ணெண்ணெய் க்யூ என்று அவன் அடித்துவிட்டதில் சனம் புரண்டு புரண்டு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. படுதாவுக்குப் பின்னால் சலங்கை ஓயாமல் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் ஜாடை காட்டினான். நான் டான்ஸ் மெட்டை எடுத்தேன். உள்ளே இருந்தபடியே அவள் முதல் அடியைப் பாடினாள்.

அந்தக் குரலுக்கு அவன் தோள் ஒரு தடவை குலுங்கியது. ஆனாலும் வழக்கப்படி பின்னாலேயே நடந்து வந்தான். அவள் சுற்றிச் சுற்றி ஆடி வந்தாள். முதுகும் முதுகும் மோதின. திரும்பினார்கள்.

இந்த இடத்தில் பபூன், "யாரும்மா நீ, கல்யாணம் ஆயிடுச்சா?" என்று கேட்க வேண்டும். கண்ணையன் கேட்கவில்லை, ஓர் எட்டுப் பின்னால் போனான். நான் ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு துருத்தியை அழுத்தினேன். அதையும் வேடிக்கை என்று நினைத்து விசில் அடித்தார்கள். செங்கமலம் டூயட்டுக்கு நீட்டுகிற மாதிரியே வலது கையை நீட்டினாள். அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு மைக்கிடம் போனான்.

"மன்னிச்சுக்குங்க. இந்தப் புள்ளகூட நான் ஆட முடியாதுங்க. இது என் தங்கச்சி."

திடலே அதிரச் சிரித்தார்கள். பபூன் சொன்னால் சிரிக்கத்தானே செய்வார்கள்? "அப்ப அக்காளக் கூட்டிக்கிட்டு வா" என்று ஒருவன் கத்தினான்.

"நெசமாத்தாங்க. எங்கூடப் பொறந்தது."

இன்னும் பெரிய சிரிப்பு. கண்ணையன் தவித்துப்போய் என்னைப் பார்த்தான். நான் வாசிப்பை நிறுத்தினேன், என்னால் முடிந்தது அவ்வளவுதான். அப்போது செங்கமலம் மைக் அருகே வந்தாள்.

"பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கலியாம். இன்னொரு தடவ சொல்லுங்க."

அதற்கும் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. கண்ணையன் தொப்பியைக் கழற்றினான். மூக்கில் பூசிய சிவப்பைத் துண்டால் துடைத்தான்.

"எங்கம்மா மருதாயி. அவ வயித்துல மொதல்ல நான் பொறந்தேன், எனக்குப் பின்னாடி இவ பொறந்தா. பேரு செங்கமலம். எனக்குத் தங்கச்சியே இல்லேன்னு எங்கம்மா எழவுல சொன்னேன். அது பொய்யிங்க."

சொல்லி முடிக்குமுன் அழுதுவிட்டான். முன்வரிசைப் பெண்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். கொஞ்சம் கொஞ்சமாகக் கடைசி வரிசை வரைக்கும் அடங்கியது.

"அண்ணே" என்றாள் செங்கமலம்.

டூயட் நடக்கவில்லை. அவள் கேட்டாள், அவன் பதில் சொன்னான். அத்தனை வருஷத்துச் சண்டையையும் மேடையிலேயே போட்டுத் தீர்த்தார்கள். சனம் சிரித்தது, மூக்கைச் சிந்தியது. தன் நேரம் போகிறதே என்று ராசாங்கம் படுதாவுக்குப் பின்னால் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

அதன் பிறகும் முழங்கால் ஒத்துழைத்த வரைக்கும், எண்பத்தாறோ ஏழோ, செங்கமலம் ஆடினாள். அண்ணனோடு மட்டும் ஒரே நாடகத்தில் ஏறவில்லை. பொங்கலுக்கு அவன் வீட்டுக்குப் போவாள்.

அந்த நாடகம் முடிந்த காலையில் பெரம்பலூரில் அரியலூர் பஸ் பிடித்தோம். கண்டக்டர் வந்தார். "அரியலூர் ரெண்டு குடுங்க சார்" என்றாள் செங்கமலம். சாரா என்று நான் திரும்பிப் பார்த்தேன். அவள் கால் பழையபடி தட்டிக்கொண்டிருந்தது. "பெட்டியக் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிக்குங்க வாத்தியாரே" என்றாள்.

அன்றிலிருந்து நான் அவளுக்கு வாத்தியார்தான். சொந்த அண்ணன் கிடைத்துவிட்டான், நியாயம்தான், நான் குறை சொல்லவில்லை. அன்று அவள் சொன்னபடி பெட்டியைத் தள்ளி வைத்தேன். ஆனாலும் அத்தனை வருஷம் அவளுக்கு அண்ணனாக இருந்தவன் நான்தானே.