விபோர்க் பூநிலத்தில் வசந்தி ரீச்சர்

கோடையில் விபோர்க் பக்கம் காட்டுப்பூக்கள் பார்க்கப் போகிறவர்களுக்காக, நாங்கள் முதன்முதலில் அங்கே நடந்த நாளை எழுதுகிறேன். 1986, ஆடி மாதத்து ஞாயிறு. டென்மார்க்குக்கு வந்து எட்டு மாதம். அகதி விண்ணப்பத்துக்குப் பதில் வரவில்லை. என் மனைவி வசந்தி அறையை விட்டு வெளியே வருவதே குறைந்திருந்தது. டெனிஷ் வகுப்பில், வழிகாட்டியோடு கூட்டமாகப் போகும் இந்த நடையைப் பற்றிச் சொன்னார்கள். கெஞ்சித்தான் கூட்டிப் போனேன்.

காலை 9.10க்கு விபோர்க்கில் பஸ். ஆளுக்கு எட்டுக் குரோனர், இருபது நிமிடம். இறங்கும் இடம் முன்பு மாட்டுப் பண்ணை; பண்ணை மூடிய பின் பூக்களுக்காகப் பாதுகாக்கிறார்கள். மொத்தம் ஆறு கிலோமீட்டர் நடை. எதையும் பறிக்கக் கூடாது என்று நரைத்த தாடிக்கார வழிகாட்டி தொடக்கத்திலேயே ஆங்கிலத்திலும் சொன்னார்.

முதல் மூன்று கிலோமீட்டர் மேட்டுநிலம். மஞ்சளும் ஊதாவுமாகப் பூக்கள். பிறகு ஈரப் பள்ளம். அங்கே திரும்பிப் பார்த்தால், வசந்தி பாதையோரச் சேற்றில் முழந்தாளிட்டிருக்கிறாள்.

“எழும்பும் வசந்தி, அந்தாள் வாறார். பொலிசுக்குச் சொல்லிப்போட்டால் எங்கடை கேஸ் என்னாகிறது?”

“கொஞ்சம் பொறுங்கோ. நான் ஒண்டையும் பிடுங்கேல்லை.”

வழிகாட்டி முகம் சிவக்க வந்து நின்றார். அவள் எழும்பவில்லை. விரலை மட்டும் நீட்டி, “ட்ரொசெரா ரொட்டுண்டிஃபோலியா” என்று ஒரு செடியின் தாவரவியல் பெயரைச் சொன்னாள்.

அவர் குனிந்தார். சட்டைப் பொத்தானிலும் சிறிய சிவப்பு இலைகள், நுனியெல்லாம் பிசின் துளிகள், ஒன்றில் சிக்கிய கொசு. பூச்சி தின்னும் செடி.

“பண்ணை மூடிய நாளிலிருந்து இதை இங்கே தேடுகிறேன்” என்றார். “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“யாழ்ப்பாணத்தில் தாவரவியல் படிப்பித்தேன். இதன் உறவுச் செடிகள் எங்கள் நாட்டிலும் உண்டு” என்றாள் ஆங்கிலத்தில்.

அவர் தன் உருப்பெருக்கியை அவளிடம் கொடுத்து, கூட வந்த பதினான்கு டேனியர்களையும் வரிசையாக நிறுத்தினார். சேறு படிந்த காற்சட்டையோடு வசந்தி அரைமணி நேரம் விளக்கினாள். அதே வகுப்பறைக் குரல். பக்கத்தில் நின்ற பெண்மணியிடம், அவர் கேட்காமலே, “என் மனைவி” என்றேன் டெனிஷில். எனக்கு அப்போது தெரிந்த டெனிஷ் அவ்வளவுதான்.

முடிவில் வழிகாட்டி செடியைக் கண்டவர் பெயரைக் குறிப்பேட்டில் எழுதினார். வசந்தி எட்டிப் பார்த்து, “பக்கத்தில் ஆசிரியை என்றும் போடுங்கள்” என்றாள். போட்டார்.

போகிறவர்கள் ஆடியில் போங்கள். நீர் புகாத சப்பாத்து வேண்டும். கடை எதுவும் இல்லை, சாப்பாடு கொண்டு போங்கள். கூட வருகிறவர் எங்காவது குனிந்து நின்றால் அவசரப்படுத்தாதீர்கள். அன்று வசந்தி என் சொல்லைக் கேட்கவில்லை. அதில்தான் எனக்கு இன்றைக்கும் பெருமை.